தொப்பியைத் தொட்ட கை

கை மேல போயிடுச்சு. பந்து கீழ விழுந்தது அதுக்கப்புறம். அப்புறம்னா எவ்வளவு அப்புறம், அரை செகண்டு இருக்குமா, அதுகூட இருக்காது, ஆனா அந்த அரை செகண்டுக்குள்ள நாகஜோதியோட வலது கை முஷ்டியை மடக்கிக் காத்துல ஒரு குத்து குத்தி நின்னுடுச்சு, வாய் "அவுட்"னு கத்தி முடிச்சிடுச்சு. புழுதி அடங்கினப்போ பார்த்தா மஞ்சப் பந்து தரையில கிடக்கு, கேட்சர் பொண்ணோட முழங்காலுக்குப் பக்கத்துல, சின்னதா ஒரு உருளல் உருண்டு. கேட்சர் சட்டுனு க்ளவுஸால அதை அமுக்கி எடுத்து மேல தூக்கிக் காமிச்சா, என்னமோ ஆரம்பத்துலேர்ந்து அங்கயே இருந்த மாதிரி. பதினாலாம் நம்பர் பொண்ணு சறுக்கின வாக்குல ஹோம் பிளேட் மேல கை வச்சுப் படுத்திருந்தா, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தா. பந்தைப் பார்க்கலை. நாகஜோதி மூஞ்சியைப் பார்த்தா. மாநிலப் பெண்கள் சாஃப்ட்பால் பைனல், ஏழாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி, பச்சை டீம் மூணு ரன், நீல டீம் ரெண்டு. அந்தப் பொண்ணு பிளேட்டைத் தொட்டது கணக்குன்னா மூணுக்கு மூணு, ஆட்டம் தொடரும். கேட்சர் பந்தோட அவளைத் தொட்டது கணக்குன்னா அதுதான் நீல டீமோட கடைசி அவுட், அதோட எல்லாம் முடிஞ்சது. தொடறப்போ பந்து கையில நிக்கணும், நழுவிட்டா அவுட் இல்ல. இது முதல் நாள் கிரவுண்டுக்கு வர்ற ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கே சொல்லிக் குடுக்கறது. கை மேல நிக்குது, பந்து கீழ கிடக்கு, பச்சை டீம் மொத்தமும் கத்திக்கிட்டு ஓடி வந்து கேட்சர் மேல விழுது, நாகஜோதி அந்தக் கையை எப்படி இறக்கறதுன்னு தெரியாம அப்படியே நின்னா.

இப்போ அந்தக் கை மடியில கிடக்கு. டவுன் பஸ், மணி நாலே முக்கால், காலேஜ் கிரவுண்டு வாசல்ல ஏறினது, கரூர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர அரை மணி நேரம். வெயில் ஜன்னல் வழியா சாய்ஞ்சு விழுந்து அந்தக் கை மேலயே நிக்குது, வேற இடமே கிடைக்காத மாதிரி. பக்கத்து சீட்டுல, ஜன்னலோரம், ரோஸ்லின் அக்கா. பைனல்ல நாகஜோதி ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி நிக்கிற பிளேட் அம்பயர், இவங்க உள்ள நடுவுல நிக்கிற பேஸ் அம்பயர். முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு அதுக்கு மேல பேன்ட்டை இறக்கி விட்டிருக்காங்க, வாசனை பஸ் முழுக்க. ரெண்டு பேருக்கும் நடுவுல கிட் பேக் துருத்திக்கிட்டு நிக்குது. பிளேட்டைத் தூத்துத் துடைக்கிற பிரஷ் இன்னும் பின் பாக்கெட்டுலயே இருக்கு, ஒவ்வொரு குழிக்கும் இடுப்புல குத்துது, எடுத்து உள்ள போடணும், போடலை, குத்தட்டும்னு இருக்கு. கண்டக்டர் வந்து பேக்கைத் தட்டிப் பார்த்தார். "இது என்னம்மா, இவ்ளோ பெருசா இருக்கு?" ரோஸ்லின் அக்காதான் சொன்னாங்க, "மூஞ்சிக்கு மாட்டற கூண்டுண்ணே. மாட்டிக்கிட்டா யாரு திட்டினாலும் உள்ள வராது." "அப்போ இறங்கறப்போ என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, எனக்குத் தெனமும் வேணும்"னு சொல்லிட்டு அவர் முன்னாடி போயிட்டார். ரோஸ்லின் அக்கா சிரிச்சாங்க. நாகஜோதியும் சிரிச்சா, சிரிப்பு பாதியிலேயே எங்கயோ மாட்டிக்கிச்சு, ஏன்னா கூண்டைத்தான் அந்த நேரத்துல அவ கழட்டிட்டாளே. ஹோம் பிளேட்ல ரன்னர் வந்தா மாஸ்க்கை இடது கையால கழட்டணும், வலது கை தீர்ப்புக்கு. சரியாத்தான் கழட்டினா. அதனால கம்பி மறைச்சிடுச்சுன்னு கூட சொல்ல முடியாது. கண்ணுக்கும் பந்துக்கும் நடுவுல புழுதியும் அவளோட அவசரமும்தான் இருந்துச்சு.

சரி, கை முந்திடுச்சு, முந்தாத அம்பயர் யாரு. ஆட்டம்னா அப்படித்தான், மனுஷக் கண்ணு. இப்படி ஒரு தடவை சொல்லிப் பார்த்தா, ரோட்டோரத்துல ஒரு செங்கல் சூளை போறவரைக்கும் அது தாங்கிச்சு. அதுக்கப்புறம் தாங்கலை. ஏன்னா விஷயம் கை முந்தினது இல்ல. கை முந்தினா அதுக்கு ஒரு வழி இருக்கு. கூடவே நிக்கிற அம்பயரைக் கேக்கலாம். கேட்டா அவங்க பார்த்ததைச் சொல்வாங்க. கேக்காம அவங்களா வாய் திறக்கக் கூடாது, தீர்ப்பு யாரோடதோ அவங்க கூப்பிடணும், அதுதான் முறை, கூப்பிடாதவரைக்கும் பேஸ் அம்பயர் பக்கத்துல கிடக்கற கல்லு மாதிரி. அதுக்காகத்தான் காலையில ரெண்டு பேரும் இட்லி சாப்பிட்டுக்கிட்டே பேசி வச்சாங்க. ரோஸ்லின் அக்கா சட்னியை வழிச்சுக்கிட்டே சொன்னாங்க, "உன் தீர்ப்புல எனக்கு ஏதாச்சும் தெரிஞ்சிருந்தா தொப்பியைத் தொடுவேன் ஜோதி. தொட்டா என்கிட்ட விஷயம் இருக்குன்னு அர்த்தம். கூப்பிடு. தொடலைன்னா நானும் பார்க்கலைன்னு அர்த்தம், நீயே பார்த்துக்க." "சரிக்கா." "தலை அரிச்சாலும் இன்னிக்கு சொறிய மாட்டேன், கவலைப்படாத." அவ்வளவுதான் பேச்சு. ஏழாவது இன்னிங்ஸ்ல, கை மேல நின்ன நேரத்துல, புழுதிக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது பேஸுக்கு இந்தப் பக்கம், கேட்சரோட மடி நேரா தெரியற இடத்துல ரோஸ்லின் அக்கா நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க கை மெதுவா மேல போச்சு. ரெண்டு விரல் தொப்பியோட முன் நுனியைத் தொட்டுச்சு. தொட்டு, அங்கயே நின்னுச்சு. நாகஜோதி பார்த்தா. பார்த்துட்டு ஸ்கோர் போர்டைப் பார்த்தா, அங்க புதுசா ஒண்ணும் இல்ல.

நீல டீம் கோச் முருகவேல் சார் வேட்டியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி டிராக் பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தார், கத்தலை, கத்தியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். "மேடம், நான் தீர்ப்பு தப்புன்னு சொல்ல வரலை. பேஸ் அம்பயரை ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு அவுட்னா அவுட். நாங்க பேட்டை எடுத்துக்கிட்டுப் போயிடறோம்." எவ்வளவு மரியாதையாக் கேட்டார். "நான் பார்த்தேன் சார்." "என்ன பார்த்தீங்க?" "டேக் பார்த்தேன், கேட்சர் தொட்டதை. அவுட்." "பந்து பார்த்தீங்களா?" அவ திரும்பி பிரஷ்ஷை எடுத்து ஹோம் பிளேட்டைத் தூத்தா. ஆட்டமே முடிஞ்சு போச்சு, இனிமே அந்தப் பிளேட்டை யாரும் தொடப் போறதில்லை, அதைப் போய்க் குனிஞ்சு சுத்தமா, மூலை மூலையாத் தூத்தா. பதினாலாம் நம்பரோட கை பட்ட இடத்துல அஞ்சு விரலும் புழுதியில பதிஞ்சிருந்துச்சு. அதையும் சேர்த்துத் தூத்துட்டா. அது இப்பதான், இந்த பஸ்ல, இந்த வெயில்லதான் ஞாபகம் வருது, அப்போ தூத்தது தெரியலை, இப்போ ஒவ்வொரு விரலா தெரியுது.

ஏன் கூப்பிடலை. இதைத்தான் மனசு சுத்திச் சுத்தி வருது, சுத்திட்டு வாசல் வரைக்கும் வந்து செருப்பைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுது. வாசலுக்குள்ள இருக்கறது நேத்து சாயங்காலம். ஹாஸ்டல் மெஸ்ஸுல ஏழு அம்பயரும் உட்கார்ந்திருந்தாங்க, கன்வீனர் தனபாலன் சார் ஒரு எவர்சில்வர் டம்ளரை நடுவுல வச்சார். பைனலுக்குப் பிளேட் அம்பயர் யாருன்னு இந்த சங்கத்துல மேல இருந்து யாரும் சொல்றதில்லை. ஏழு பேரும் ஆளுக்கு ஒரு சீட்டுல ஒரு பேரு எழுதி டம்ளர்ல போடணும். யாருக்கு அதிகமோ அவங்க பிளேட், அடுத்தவங்க பேஸ். "உங்க வேலை எப்படின்னு உங்களைவிட எவனுக்குய்யா தெரியும்?"னு தனபாலன் சார் வருஷா வருஷம் சொல்வார். ஒரே ஒரு முறை உண்டு, அது எங்கயும் எழுதி வைக்கலை, ஆனா எல்லாருக்கும் தெரியும், தன் பேரைத் தானே எழுதக் கூடாது. சாப்பாட்டுப் பந்தியில தன் இலைக்குத் தானே பாயசம் ஊத்திக்கக் கூடாதுங்கற மாதிரி. யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாகஜோதி டேபிளுக்கு அடியில முழங்கால்ல சீட்டை வச்சு, இடது கையால, பெரிய பெரிய எழுத்தா, எழுதத் தெரியாதவ எழுதின மாதிரி, நாகஜோதின்னு எழுதினா. மடிச்சா. இன்னொரு மடிப்பும் மடிச்சா. தனபாலன் சார் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் படிச்சார். ரோஸ்லின். நாகஜோதி. ரோஸ்லின். நாகஜோதி. நாகஜோதி. ரோஸ்லின். கடைசிச் சீட்டை மட்டும் தள்ளிப் பிடிச்சு, "இது யாருய்யா, கோழி கிளறின மாதிரி"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நாகஜோதி. நாலுக்கு மூணு. முதல்ல கை தட்டினது ரோஸ்லின் அக்கா.

தகுதி இல்லையா எனக்கு, இருக்கு. அது பொய் இல்ல. இருபத்தெட்டு வயசு, முழங்கால் மடங்குது, தாழ்வா வர்ற ஸ்ட்ரைக்கை அவ கண்ணு விடாது, செமி ஃபைனல்ல பந்து பந்தாச் சரியாச் சொன்னா, ரெண்டு கோச்சும் வந்து கை குடுத்தாங்க. ரோஸ்லின் அக்காவுக்கு நாப்பத்தொம்போது, முழுசாக் குனிய முடியாது, அப்புறம் ஒவ்வொரு தீர்ப்புக்கும் அவ்வளவு நேரம். ரன்னர் வந்து, தொட்டு, எழுந்து, மண்ணைத் தட்டி விட்டுட்டு நிமிர்ந்து பார்ப்பா, அப்பத்தான் அக்கா கை மேல போகும். ரோஸ்லின் டைம்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க. "மேடம் தபால்ல அனுப்புவாங்கடா தீர்ப்பை." நாகஜோதியும் அதுக்குச் சிரிச்சிருக்கா, அதுவும் ரெண்டு மூணு தடவை, அவங்க காதுல விழற தூரத்துல. இப்போ அந்த நேரம் எதுக்குன்னு தெரியுது. பந்துக்காகக் காத்திருந்திருக்காங்க. அவங்க காத்திருந்தது பந்து நிக்கறதுக்கு. நாலு வருஷமா போட்டிக்குப் போட்டி ஒரே ரூம்ல தங்கி, ஒரே சோப்பைப் போட்டு, இது தெரியாமப் போச்சே. இல்ல, தெரியும். தெரிஞ்சதனாலதான் இடது கையால எழுதினது. சரியானதுன்னு நினைச்சிருந்தா வலது கையாலயே எழுதியிருக்கலாமே. அந்தக் கையெழுத்துதான் இன்னிக்கு கிரவுண்டுல அவளைக் கூப்பிட விடலை. கூப்பிட்டிருந்தா, அக்கா வந்து காதுல "பந்து கீழ"ன்னு சொல்லியிருந்தா, அவ்வளவு ஜனத்துக்கு நடுவுல நாகஜோதி தீர்ப்பை மாத்தியிருந்தா, ஏழு பேருக்கும் தெரிஞ்சு போயிருக்கும் அந்த இடத்துல யார் நிக்க வேண்டியதுன்னு. அதுக்குப் பயந்து ஒரு பொண்ணை மண்ணோட விட்டுட்டு வந்தாச்சு.

எட்டாங்கிளாஸ்ல இப்படித்தான். டீச்சர் ஆபீஸுக்குப் போயிருந்தாங்க, நாகஜோதி கிளாஸ் லீடர், போர்டுல பேசினவர்கள்னு எழுதி அடிக்கோடு போட்டு சாக்பீஸோட நின்னுக்கிட்டிருந்தா. மூணாவது பெஞ்சு ராசாத்தி வாயைத் திறந்தா. அவ எப்பவும் பேசறவ, இப்பவும் பேசத்தான் போறான்னு, வாய் திறந்த உடனே பேரை எழுதிட்டா. ராசாத்தி கொட்டாவி விட்டா. நல்லா பெருசா, கண்ணுல தண்ணி வர்ற கொட்டாவி. எழுதினது எழுதினபடி இருந்துச்சு. டீச்சர் வந்து ராசாத்தியை வெளிய முட்டி போட வச்சாங்க, அவ ஜன்னல் வழியா "கொட்டாவிதான்டி விட்டேன்"னு வாயசைச்சா. அழிச்சிருக்கலாம், ஆனா டஸ்டர் டீச்சர் மேஜையில இருந்துச்சுன்னு நாகஜோதி இத்தனை வருஷமா நம்பிக்கிட்டிருந்தா. இப்போ, இந்த பஸ் லெவல் கிராசிங்ல நின்னு இன்ஜினைக் குலுக்கறப்போ, நல்லா ஞாபகம் வருது. டஸ்டர் அவ இடது கையில இருந்துச்சு. மாஸ்க் இருந்த அதே கையில.

"அனுப்பிட்டியா?"ன்னு ரோஸ்லின் அக்கா கேட்டாங்க. நாகஜோதிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்னதுக்கா?" "படிவம்டி. அஞ்சரைக்குள்ள அனுப்பணும்னு சார் சொன்னாருல்ல." அதுவேற இருக்கு. பைனல்ல நின்ன ரெண்டு அம்பயர்ல ஒருத்தர்தான் நேஷனல்ஸுக்குப் போகணும், யாருங்கறதுக்கும் இந்த சங்கம் ஒரு முறை வச்சிருக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் மார்க் போடணும். அம்பதுக்கு. யாருக்கு அதிகமோ அவங்க. போன வருஷம் யாரோ, "சார், ரெண்டு பேரும் அடுத்தவங்களுக்கு முட்டை போட்டா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டதுக்குத் தனபாலன் சார், "போட மாட்டாங்கய்யா, அம்பயருங்க"ன்னார், அவ்வளவுதான் பதில். ரோஸ்லின் அக்கா நாலு தடவை ரிசர்வ்ல இருந்திருக்காங்க. ரிசர்வ்னா பேரு பட்டியல்ல இருக்கும், டிக்கெட் வராது. வர்ற மார்ச்சுல அம்பது முடியுது, அதுக்கப்புறம் பட்டியல்லயே பேரு கிடையாது. நேஷனல்ஸ் ஐடி கார்டுக்குன்னு போன வாரமே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துப் பர்ஸுல வச்சிருக்காங்க, ரூம்ல காமிச்சாங்க, "தலைக்கு டை அடிச்சிருக்கேன், தெரியுதா?" "தெரியலைக்கா." "பொய் சொல்லாத, தெரியுது."

"நீங்க அனுப்பிட்டீங்களாக்கா?" "கிரவுண்டுலயே. உனக்கு நாப்பத்தெட்டு." நாப்பத்தெட்டு. நாகஜோதி ஜன்னலைப் பார்த்தா, ஜன்னல்ல அக்காவோட காது, காதுல சின்னதா சிலுவைத் தோடு. கேக்காம இருந்திருக்கலாம். வாய் முந்திடுச்சு. "ரெண்டு எங்கக்கா போச்சு?" ரோஸ்லின் அக்கா கடலைப் பொட்டலத்தைப் பிரிச்சு, தோலை ஊதி, ரெண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, நிதானமா மென்னு முடிச்சு, அவங்க டைம்ல, சொன்னாங்க. "கை முந்துது. அதுக்கு ஒண்ணு. இன்னொண்ணு எதுக்குன்னு உனக்கே தெரியும்." பொட்டலத்தை நீட்டினாங்க. "கடலை எடுத்துக்கோ. மதியம் நீ சாப்பிடலை." நாகஜோதி எடுத்துக்கிட்டா. உப்புக் கடலை, வாயில போட்டா மண்ணு மாதிரி இருந்துச்சு. பந்து விழுந்ததுக்கு மார்க் குறைக்கலை. கூப்பிடாததுக்கு ஒரே ஒரு மார்க்கு. பத்து குறைச்சிருந்தா திட்டிக்கலாம், பொறாமைன்னு சொல்லிக்கலாம், பஸ் ஸ்டாண்டு போறவரைக்கும் அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கலாம். ஒண்ணு குறைச்சா எதைப் பிடிச்சுத் தொங்கறது.

போனைத் திறந்தா. படிவம். அஞ்சு தலைப்பு, தலைக்குப் பத்து. நிற்கும் இடம், குரல், சைகை, விதிகள், கூட்டாளியுடன் ஒத்துழைப்பு. நாப்பத்தியேழு போட்டா நாகஜோதி நேஷனல்ஸுக்குப் போவா. ரொம்ப நியாயமாத் தெரியும். நாப்பத்தியேழுங்கறது எவ்வளவு நல்ல மார்க்கு, யாரு குறை சொல்ல முடியும். பெருவிரல் போய் நாலுங்கற எண்ணு மேல நின்னுச்சு, அந்த விரலுக்கு வெக்கமே இல்ல, இந்தக் கையில இருக்கற எந்த விரலுக்கும் இல்ல. அழிச்சா. அம்பது போட்டா. போட்ட உடனே மனசு லேசாச்சு, லேசான உடனே சந்தேகம் வந்துச்சு, இது மார்க்கா, இல்ல வாயை மூட குடுக்கற மிட்டாயா, தன் வாயை, அக்கா வாயை இல்ல. சரி, எதுவா இருந்தா என்ன, அக்கா போவாங்க, அனுப்பிடலாம்னு கீழ தள்ளினப்போ, அடியில சின்ன எழுத்துல ஒரு வரி. 'நாற்பத்தைந்துக்கு மேல் மதிப்பெண் அளிப்பவர், அதற்குக் காரணமான ஒரு நிகழ்வை இவ்விறுதிப் போட்டியிலிருந்து குறிப்பிட வேண்டும். குறிப்பு இல்லையெனில் நாற்பத்தைந்தாகவே கொள்ளப்படும்.' அதுக்குக் கீழ மூணு கோடு. இவளுக்குப் போட்ட நாப்பத்தெட்டுக்கு அக்கா ஏதாச்சும் ஒரு ஸ்ட்ரைக்கை எழுதியிருப்பாங்க. ரோஸ்லின் அக்காவுக்கு அந்த பைனல்ல என்ன வேலை வந்துச்சு. ஒண்ணும் வரலை. பச்சை டீம் பொண்ணுங்க எடுத்த மூணு ரன்னும் யாரும் சந்தேகப்படாத ரன், நீல டீம் பொண்ணுங்க பேஸ்ல நெருக்கமா ஒரு ஓட்டமும் ஓடலை, மொத்த ஆட்டத்துலயும் சிக்கலான தீர்ப்பு ஒண்ணே ஒண்ணு, அது நாகஜோதியோடது. அதுல அக்கா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு விரல். தொப்பி நுனி. அந்த மூணு கோட்டுல எழுத இந்த உலகத்துல வேற ஒண்ணுமே இல்ல. அதை எழுதினா நாகஜோதி பேரு எந்தப் பட்டியல்லயும் இருக்காது. எழுதலைன்னா அக்காவுக்கு நாப்பத்தஞ்சு, ரிசர்வ், அப்புறம் மார்ச்சு.

பாலம் வந்துடுச்சு, ஆத்துல தண்ணி இல்லாம மணல் திட்டா கிடக்கு, யாரோ மாட்டைக் குளிப்பாட்ட ஒரு குட்டையைக் கண்டுபிடிச்சிருக்காங்க. "மோனிஷா"ன்னு ரோஸ்லின் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "யாருக்கா?" "பதினாலு. ஸ்கோர் ஷீட்டுல பார்த்தேன். தா. மோனிஷா." நாகஜோதி வேணும்னேதான் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்காம கையெழுத்துப் போட்டா. நம்பராவே இருந்துட்டுப் போகட்டும்னு. நம்பர் வீட்டுக்குப் போகாது, அம்மாகிட்ட சொல்லாது, ராத்திரி படுத்துக்கிட்டு நான் தொட்டேனே தொட்டேனேன்னு நினைக்காது. மோனிஷா நினைப்பா. "நல்லா சறுக்கினா"ன்னாங்க அக்கா. "முட்டி தேய்ஞ்சிருக்கும்."

பஸ் ஸ்டாண்டுல திருச்சி பஸ் கிளம்பத் தயாரா நின்னுக்கிட்டிருந்துச்சு, கண்டக்டர் கூவிக்கிட்டிருந்தார். ரோஸ்லின் அக்கா ஒரு கையால கம்பியைப் பிடிச்சு, ஒரு முழங்காலுக்கு அப்புறம் இன்னொரு முழங்காலா ஏறினாங்க. ஏறி, படியிலேயே திரும்பினாங்க. "இங்க பாரு. மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகாத. பிளேட்டுக்கு உன்னை நிறுத்தினதுல தப்பு ஒண்ணும் இல்ல. கண்ணு நல்ல கண்ணு. அதனாலதான் சீட்டுல உன் பேரை எழுதினேன்." "நீங்களாக்கா?" "பின்ன, என் பேரையா எழுதுவேன்?" பஸ் நகர்ந்துடுச்சு. நாகஜோதி பேக்கை ரெண்டு காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு அங்கயே நின்னா. நாலுக்கு மூணு. அந்த நாலுல ஒண்ணு ரோஸ்லின் அக்கா எழுதினது. ஒண்ணு இடது கை எழுதினது. இடது கை ஒழுங்கா இருந்து அக்கா பேரை எழுதியிருந்தா அக்காவுக்கு நாலு, இவளுக்கு மூணு, அக்கா பிளேட்ல, இவ ரெண்டாவது பேஸ் பக்கம், பந்து விழுந்திருக்கும், அக்கா கை அசைஞ்சே இருக்காது, புழுதி அடங்கற வரைக்கும் நின்னு பார்த்துட்டு ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சு சேஃப்னு சொல்லியிருப்பாங்க. பசங்க ரோஸ்லின் டைம்னு சிரிச்சிருப்பாங்க. ஆட்டம் மூணுக்கு மூணுன்னு நடந்திருக்கும்.

அஞ்சு இருபது. ஒரு ஜூஸ் கடை ஓரமா, மிக்ஸி சத்தத்துக்குப் பக்கத்துல நின்னு எழுதினா. ஏழாவது இன்னிங்ஸ், ஹோம் பிளேட். நான் அவுட் கொடுத்த பிறகு பந்து கீழே விழுந்தது. பேஸ் அம்பயர் பார்த்தார், தொப்பியைத் தொட்டு எனக்குத் தெரிவித்தார். நான் அதைப் பார்த்தும் அவரைக் கூப்பிடவில்லை. மூணு கோடு சரியாப் போதுமா இருந்துச்சு. வாழ்க்கையில முதல் தடவையா அவ விரல் எதுக்கும் முந்தலை, அனுப்பற பொத்தானுக்கு மேல மிதந்துக்கிட்டே இருந்துச்சு, ஒரு பழனி பஸ் வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏத்தி, போயே போயிடுச்சு. அப்புறம் அமுக்கினா. ரெண்டு டிக்கு. நீலமாச்சு. தனபாலன் சார் டைப் பண்றதாக் காமிச்சுச்சு, நின்னுச்சு, திரும்பக் காமிச்சுச்சு. 'படித்தேன்மா. ரோஸ்லினுக்குச் சொல்லிடறேன். உன் விஷயம் கமிட்டில வச்சுத்தான் ஆகணும். ரிசல்ட் மாறாது, அது தெரியும்ல.' தெரியும். அம்பயரோட கண்ணு சொன்ன தீர்ப்பை ஆட்டம் முடிஞ்சப்புறம் யாரும் திருத்த முடியாது. மோனிஷா அவுட். நாளைக்கும் அவுட், அடுத்த வருஷமும் அவுட், அந்த ஸ்கோர் ஷீட்டு எந்த அலமாரியில கிடக்கோ அங்க எல்லாக் காலத்துக்கும் அவுட். அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சுன்னு ஒரு மூச்சு விடப் போனா, அந்த மூச்சு பாதியில நின்னுச்சு.

ஏன்னா அவங்க அங்க இருந்தாங்க. நீல டிராக் சூட்டு, பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க, பேட்டு மூட்டையைச் சுவரோரமாச் சாய்ச்சு வச்சுட்டு, டீக்கடை பெஞ்சுல நெருக்கியடிச்சு உட்கார்ந்து பன்னு தின்னுக்கிட்டு. முருகவேல் சார் யாரையோ போன்ல பிடிச்சு வண்டி விசாரிச்சுக்கிட்டிருந்தார். ஓரத்துல ஒருத்தி பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, முட்டியில பஞ்சு வச்சுப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தா. இருபது அடி இருக்கும். போய்ச் சொன்னா என்ன. நீ தொட்டம்மா, நான் பார்த்தேன்மா, பந்து கீழ கிடந்துச்சு. நாலு வார்த்தை. சார்கிட்ட எழுதத் தெரிஞ்சவளுக்கு இவகிட்டச் சொல்லத் தெரியாதா. ரிசல்ட் மாறாதுதான், ஆனா ராத்திரி படுக்கறப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், தான் தொட்டது தொட்டதுதான்னு. பேக்கைத் தோள்ல மாட்டினா. ஒரு அடி வச்சா. மோனிஷா பன்னைக் கடிச்சுக்கிட்டே நிமிர்ந்தா, பார்த்தா, யாருன்னு தெரிஞ்ச உடனே வாயில இருக்கறதை அவசரமா முழுங்கிட்டு, பெரியவங்களைப் பார்த்தா எழுந்திரிக்கணும்னு பழக்கின பிள்ளை, வலிக்கிற காலோட எழுந்து நின்னா. "வர்றோம் மேடம்."

நாகஜோதியோட வலது கை மேல போயிடுச்சு. அவ நினைக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு, விரலெல்லாம் விரிச்சு, ரெண்டு தடவை ஆடுச்சு, டாட்டா காமிச்சுச்சு. மோனிஷா சிரிச்சுட்டு உட்கார்ந்துட்டா, பக்கத்துல இருந்தவ அவ பன்னுல பாதியைப் பிச்சுக்கிட்டா, ஒரு வேன் வந்து நடுவுல நின்னு மறைச்சிடுச்சு. கை இன்னும் மேலதான் இருந்துச்சு. நீங்க சொல்லுங்க, வாய் திறக்க வேண்டிய இடத்துல உங்களுக்கும் இப்படிக் கை மட்டும் மேல போய் நின்னிருக்கா? எதிர்ல இருந்தவங்க, ஒண்ணும் தெரியாம, உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்களா?